ரத்தம் கொடுத்தவருக்கு மூன்றாம் நாள் கோவிட் என்றால், அந்த ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் வருமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. உங்கள் அக்காவுக்குச் சிசேரியன். ரத்தப்போக்கு அதிகமாகி 2 யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அன்று காலையில் உங்கள் நண்பர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, டெஸ்ட் எடுத்தால் கோவிட். இப்போது வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நண்பரோ குற்ற உணர்ச்சியில் ஃபோனையே எடுப்பதில்லை. மூச்சு வழியாகப் பரவும் வைரஸ் ரத்தம் வழியாகவும் போகுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் அக்காவுக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் 17 வருடமாக ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மருத்துவர். வைரஸ் ஆய்வாளர் இல்லை. உங்கள் அக்காவின் கேஸ் ஷீட்டையும் நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். நேரடிப் பதில் இது: ரத்தம் ஏற்றியதால்தான் ஒருவருக்குக் கோவிட் வந்தது என்று நிரூபிக்கப்பட்ட சம்பவம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. இத்தனைக்கும் 2020, 2021, அப்புறம் ஓமிக்ரான் அலை வீசிய 2022 ஆரம்பம் என்று ஊரில் பாதிப் பேர் தொற்றோடு நடமாடிய காலத்திலும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆகவே அக்காவுக்கு அந்த ரத்தத்தால் கோவிட் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. "வரவே வராது" என்று ஏன் எழுதவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் நண்பர் கொடுத்த ரத்தம்தான் அக்காவுக்கு ஏறியது என்று எப்படித் தெரியும்? நம் ஊரில் நோயாளிக்கு ரத்தம் தேவைப்பட்டால் பதிலுக்கு ஒருவரைக் கொடுக்கச் சொல்வார்கள், ரிப்ளேஸ்மென்ட் என்று பெயர். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறது என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எடுத்த ரத்தத்துக்கு ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று 5 பரிசோதனையும் முடிந்து, குரூப் உறுதியாகி, அப்புறம்தான் அது வெளியே போக முடியும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ரத்தப்போக்கு நிற்காமல் தாய் கிடக்கும்போது யாரும் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள், ஏற்கெனவே பரிசோதித்து ஃபிரிட்ஜில் தயாராக இருக்கும் பையைத்தான், நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் பார்த்துக் கொடுப்பார்கள். நண்பரின் ரத்தம் இருப்பில் சேர்ந்து, சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் எனப் பிரிக்கப்பட்டு, முகம் தெரியாத இரண்டு மூன்று பேருக்குப் போயிருக்கலாம், அல்லது இன்னும் போகாமலே இருக்கலாம். ஆகவே முதல் வேலை, ரத்த வங்கிக்கு ஃபோன் செய்து விவரத்தைச் சொல்வது. அக்காவுக்கு ஏறிய பைகளின் யூனிட் நம்பர் அவர்களிடம் பதிவேட்டில் இருக்கும், கேஸ் ஷீட்டிலும் ஒட்டியிருப்பார்கள். அதை நண்பரின் நம்பரோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சரி, அந்தப் பைதான் ஏறியது என்றே வைத்துக்கொள்வோம். "சுவாச வைரஸ், அதனால் ரத்தத்தில் வராது" என்று உங்களுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். முடிவு ஏறக்குறைய சரி, ஆனால் காரணம் தப்பு. மூச்சு வழியாகப் பரவுவது என்பது வைரஸ் உடம்புக்குள் நுழையும் வாசலைத்தான் சொல்கிறது, நுழைந்த பிறகு எந்த அறையில் குடியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. இதற்கு எங்கள் துறையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1970களின் நடுவில் லண்டனில் இவோன் கோஸார்ட் என்ற பெண் ஆய்வாளர், ஹெபடைடிஸ் பி-க்காக ரத்த மாதிரிகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பி என்று பெயரிட்ட வரிசையில் 19ஆவது மாதிரி எதற்கும் பொருந்தாத ஒரு முடிவைக் காட்டியது. தோண்டிப் பார்த்தால் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு வைரஸ். அதனால்தான் அதற்கு இன்றுவரை பார்வோ வைரஸ் பி19 என்று பெயர். பள்ளிக்கூடக் குழந்தைகளுக்குக் கன்னம் இரண்டும் அறை வாங்கியதுபோலச் சிவந்து ஒரு லேசான காய்ச்சல் வருமே, அதற்குக் காரணம் இந்த வைரஸ்தான். பரவுவது பெரும்பாலும் தும்மல், இருமல் வழியாக. ஆனால் இது போய்க் குடியேறும் இடம் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவை உருவாக்கும் செல்கள். அதனால் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மில்லி ரத்தத்தில் கோடி கோடியாக இருக்கும், அதுவும் அந்த ஆளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத நாட்களில். ரத்தம் வழியாகவும் பிளாஸ்மாவிலிருந்து செய்யும் மருந்துகள் வழியாகவும் இது பரவியது உறுதியாகவே பதிவாகியிருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தலசீமியா, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்குப் புது ரத்தம் ஊறுவதையே சில நாட்களுக்கு நிறுத்திவிடும், கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கடுமையான ரத்தசோகை வரலாம்.

தட்டம்மையும் அப்படித்தான். காற்றில் பரவுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் உள்ளே போனதும் வெள்ளையணுக்களில் ஏறி உடம்பு முழுக்கச் சுற்றும். 1750களின் கடைசியில் எடின்பரோவில் பிரான்சிஸ் ஹோம் என்ற மருத்துவர் தட்டம்மை கண்டவர்களின் ரத்தத்தை எடுத்து, நல்ல நிலையில் இருந்த குழந்தைகளின் தோலில் கீறல் போட்டு வைத்து, லேசான அம்மையை வரவழைக்க முயன்றார். வைரஸ் என்ற சொல்லே இன்றைய பொருளில் இல்லாத காலம் அது. இன்று அதைச் செய்தால் சிறைதான், ஆனால் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் ஊகித்தது சரி. ரத்தம் கொடுக்க வரும் பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டம்மை எதிர்ப்பு ஏற்கெனவே இருப்பதால் ரத்த வங்கியில் அது பிரச்சினையாக நிற்பதில்லை.

ஆகவே எந்த வைரஸ் பற்றியும் எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகள் வேறு. அது ரத்தத்துக்குள் வருமா? வந்தால் உயிரோடு, தொற்றக்கூடிய அளவில் இருக்குமா? காய்ச்சல் எதுவும் இல்லாமல், நன்றாக இருக்கிறேன் என்று ரத்தம் கொடுக்க வருகிற ஆளிடம் இருக்குமா? பைக்குள் தாக்குப்பிடிக்குமா? நரம்பு வழியாகப் போனாலும் அதற்குப் பிடித்த செல்லைப் போய்ச் சேருமா? ஐந்துக்கும் ஆம் என்று வந்தால்தான் ஆபத்து. ஹெச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் ஐந்தும் ஆம். கோவிட் பெரும்பாலும் முதல் மூன்றிலேயே தடுக்கி விழுந்துவிடுகிறது. நான்காவதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஃபிரிட்ஜ் குளிரில் வைரஸ் செத்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 4 டிகிரியில் இந்த வகை வைரஸ்கள் வெயிலில் இருப்பதைவிட அதிக நாள் தாங்கும். பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் வைப்பதே இல்லை, 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருப்போம்.

இனி கோவிட்டுக்கு உள்ள ஆதாரம். 2020 ஜனவரியில் வூஹானிலிருந்து வந்த முதல் கட்டுரையில் மருத்துவமனையில் சேர்ந்த 41 பேரில் 6 பேரின் பிளாஸ்மாவில் வைரஸின் ஆர்.என்.ஏ., அதாவது அதன் மரபணுப் பொருள், கிடைத்தது. அதைப் படித்த அன்று எங்களில் பல பேருக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. வூஹான் ரத்த மையமே உடனே தன் டோனர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தது, பழைய மாதிரிகளையும் எடுத்துப் பார்த்தது. மொத்தம் 7,425 தானங்கள், அதில் 4 பேரிடம் ஆர்.என்.ஏ. இருந்தது, நோய் வெடித்த ஊரிலேயே அவ்வளவுதான். அமெரிக்காவில் பல நகரங்களில் சுமார் இரண்டரை லட்சம் தானங்களின் மாதிரிகளைச் சிறு சிறு தொகுப்பாகக் கலந்து பார்த்தார்கள், 3 தொகுப்புகளில்தான் ஆர்.என்.ஏ. கிடைத்தது. அதிலிருந்து வைரஸை வளர்க்க முயன்றபோது எதுவும் வளரவில்லை. பிரான்சில், ரத்தம் கொடுத்தபின் உடம்பு சரியில்லாமல் போனவர்களின் தானங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள், உங்கள் நண்பரைப் போன்றவர்கள்தான். மிகச் சிலரிடம் மிகக் குறைந்த அளவில் ஆர்.என்.ஏ. இருந்தது, அதுவும் ஆய்வகத்தில் வளரவில்லை.

இந்த "ஆர்.என்.ஏ. இருந்தது, வளரவில்லை" என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் இறங்கினால் சிவப்புக் காகிதமாகக் கிடக்கும். இந்தத் தெருவில் வெடி வெடித்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லலாம், ஆனால் அந்தக் காகிதத்தைப் பற்றவைத்தால் வெடிக்காது. ஆர்.டி.பி.சி.ஆர். டெஸ்ட் கண்டுபிடிப்பது அந்தக் காகிதத்தை. முழு வெடி எங்காவது கிடக்கிறதா என்பதை அது சொல்லாது, அதற்கு ரத்தத்தைச் செல்களில் விட்டு வளர்க்கப் பார்க்க வேண்டும். நுரையீரலில் உடைந்த வைரஸ் துண்டுகள் ரத்தத்தில் கசிந்து வரும், நோய் கடுமையாக இருப்பவர்களிடம் அதிகமாக வரும். ஆனால் ஐ.சி.யு.வில் ஆக்சிஜனோடு படுத்திருப்பவர் யாரும் ரத்த தான முகாமுக்கு வருவதில்லை.

தென் கொரியாவில் நடந்தது உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். ரத்தம் கொடுத்த சில நாட்களில் கோவிட் உறுதியான டோனர்களை 2020-லேயே அங்கே தேடி எடுத்து, அவர்களின் ரத்தம் யார் யாருக்கு ஏறியது என்று பின்தொடர்ந்தார்கள். ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதில் ஒருவர் கடுமையான ஏபிளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்காத நோய் உள்ள இளைஞர், நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல எதுவும் இல்லாத நிலை, அவருக்கே வரவில்லை. இதற்கு முந்தைய கதையும் இதே பக்கம்தான் சாய்கிறது. கோவிட் வைரஸின் உறவுக்காரர்களான சார்ஸ் 2003-ல் வந்தபோதும், அதன்பின் மெர்ஸ் வந்தபோதும், ரத்தத்தில் வைரஸின் தடயம் கிடைத்தது, ஆனால் ரத்தம் ஏற்றியதால் பரவியதாக ஒரு சம்பவமும் வரவில்லை. 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் ஜப்பானில், ரத்தம் கொடுத்தபின் அந்தக் காய்ச்சல் வந்ததாகச் சொன்ன ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள், ஒன்றில்கூட வைரஸ் இல்லை.

இப்போது "வரவே வராது" என்று எழுதாததற்குக் காரணம். பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவருக்குக் கோவிட் வந்தால், அது பையிலிருந்து வந்ததா, பக்கத்துக் கட்டிலிலிருந்தா, பார்க்க வந்த சித்தப்பாவிடமிருந்தா என்று பிரிப்பது மிகக் கடினம். டோனரின் வைரஸையும் நோயாளியின் வைரஸையும் மரபணு வரிசை வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும், அப்படி ஒவ்வொரு கேஸுக்கும் யாரும் செய்யவில்லை. பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையும் ஆயிரக்கணக்கில் இல்லை. எனவே எங்கோ ஒன்றிரண்டு நடந்து கண்ணில் படாமல் போயிருக்குமா என்றால், போயிருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் இது ரத்தம் வழியாகச் சுலபமாகப் பரவும் வைரஸாக இருந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்காது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2002-ல் அமெரிக்காவில் கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் பரவியபோது ஒரே சீசனில் ரத்தம் வழியாக 23 பேருக்கு வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அடுத்த வருடமே எல்லா ரத்தத்துக்கும் அந்தப் பரிசோதனை வந்தது. கோவிட் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய அலை, உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நோய்.

என் அனுபவத்தில் ஒன்று. முதல் அலையின்போது ஒரு டோனர் மூன்றாம் நாள் கூப்பிட்டு, "டாக்டர், எனக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது" என்றார். சிவப்பணுப் பையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒதுக்கிவிட்டோம். பிளேட்லெட் மட்டும் முந்தின நாளே ரத்தப் புற்றுநோய் வார்டில் ஒரு சின்னப் பையனுக்கு ஏறியிருந்தது. வார்டு டாக்டரிடம் சொன்னேன், பையனின் அம்மாவிடமும் நானே போய்ச் சொன்னேன், அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை. 14 நாள் கவனித்தார்கள், இரண்டு முறை டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பயந்துகொண்டே காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் வழியாகப் பரவும் என்று உறுதியாகத் தெரிந்த வேறு விஷயங்கள் இருக்கின்றன, நம் கவலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினால் நல்லது. டெங்கு கொசுவால் வருவது, ஆனால் காய்ச்சல் தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் உயிருள்ள வைரஸ் நிறைய இருக்கும். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ரத்தம் வழியாக டெங்கு பரவியது பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் கட்டாயமான அந்த 5 பரிசோதனைகளில் டெங்கு இல்லை. டெங்கு சீசனில் முகாமுக்கு வரும் டோனர்களிடம் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று நான் இரண்டு முறை கேட்பது அதனால்தான். பிளேட்லெட் பையில் பாக்டீரியா வளர்வதும், பெயரைச் சரிபார்க்காமல் வேறு ஆளின் பையை மாற்றி ஏற்றிவிடுவதும் நடைமுறையில் இந்த சுவாச வைரஸ்களைவிடப் பெரிய ஆபத்து. தப்பான பயத்துக்கும் விலை உண்டு என்பதை 2020-ல் பார்த்தோம். ஊரடங்கில் முகாம்கள் நின்றுபோயின, ரத்தம் கொடுத்தால் கோவிட் வரும் என்ற வதந்தியில் வழக்கமாக வருகிறவர்களும் வரவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டிய தலசீமியா குழந்தைகளின் அப்பாக்கள் ரத்த வங்கி வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். முகாமில் உண்மையான ஆபத்து பையில் கிடையாது. நெருக்கமாக நாற்காலி போட்டு, மாஸ்க் இல்லாமல், ஜூஸ் குடித்துக்கொண்டு ஒரே அறையில் இருபது பேர் உட்கார்ந்திருப்பதில்தான் இருந்தது.

அக்காவுக்கு இப்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. ரத்தம் ஏறிய நாளிலிருந்து 14 நாள் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டெஸ்ட் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: சிசேரியன் ஆன பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் "அந்த ரத்தத்தால் வந்த கோவிட்" என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். தையல் போட்ட இடம், கர்ப்பப்பை, சிறுநீர்ப் பாதை, மார்பில் பால் கட்டுவது, இவையெல்லாம் கோவிட்டைவிட அதிகமாகக் காய்ச்சல் தருபவை, சிலவற்றில் தாமதம் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே பிரசவம் பார்த்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, ஒருவேளை அக்காவுக்குப் பாசிட்டிவ் வந்தாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம். அப்புறம், அந்த நண்பர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்காவை நேரில் பார்த்தாரா, உங்களோடு கேன்டீனில் சாப்பிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். பார்த்திருந்தால் பையைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சுதான் கவலைப்பட வேண்டிய விஷயம், உங்களுக்கும் சேர்த்து.

ரத்த வங்கிக்கு நண்பரே கூப்பிட்டுச் சொல்வது இன்னும் நல்லது. ரத்தம் கொடுத்தபின் உடம்பு சரியில்லாமல் போனால் தெரிவியுங்கள் என்று ஒவ்வொரு டோனரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறோம், பத்தில் ஒருவர் கூப்பிட்டாலே எங்களுக்குப் பெரிய உதவி. யாரும் திட்ட மாட்டார்கள். மிச்சமிருக்கும் பைகளை ஒதுக்கிவைப்பார்கள், ஏற்றிவிட்டிருந்தால் அந்த வார்டுக்குத் தகவல் போகும். கொடுத்த அன்று அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அவர் மேல் தப்பு எதுவும் இல்லை. நீங்களே வீட்டுக்குப் போய், வாசலில் நின்றாவது இதை அவரிடம் சொல்லுங்கள். நோய் குணமான பிறகு அவர் திரும்பவும் ரத்தம் கொடுக்கலாம், ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, அதற்குள் கோவிட்டுக்கான காத்திருப்புக் காலமும் முடிந்துவிடும். நீங்கள் ஃபோன் செய்யும்போது அந்தத் தேதியையும் ரத்த வங்கியில் கேட்டு அவருக்குச் சொல்லிவிடுங்கள்.